கொல்லோடியின் கார்சோனி தோட்டம்: தண்ணீரைப் பிடித்துக்கொண்டு ஏறுங்கள்

இத்தாலிக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் ரோம், புளோரன்ஸ், வெனிஸ் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நேரம் மிஞ்சினால் பீசா கோபுரத்துக்கு ஒரு நடை. அந்தப் பயணத்தில் ஒரே ஒரு நாளை ஒதுக்கி, டஸ்கனியில் லூக்கா நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கொல்லோடி என்ற சிற்றூருக்குப் போய்வாருங்கள். அங்கே கார்சோனி குடும்பம் 17-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய பெரிய வில்லா ஒன்று மலைச்சரிவில் நிற்கிறது. அதற்குப் பக்கத்திலேயே, அதே சரிவை அடுக்கடுக்காக வெட்டி அமைத்த தோட்டமும் இருக்கிறது. வில்லா சிதைந்துகொண்டிருக்கிறது. தோட்டத்தைப் பராமரிக்கிறார்கள், ஆனாலும் அதன் வயது ஒவ்வொரு கல்லிலும் தெரிகிறது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வில்லாவுக்குள் போக முடியாது என்ற எண்ணத்தோடுதான் கிளம்ப வேண்டும். அது நெடுங்காலமாகப் பூட்டிக் கிடக்கிறது, டிக்கெட் கொடுப்பது தோட்டத்துக்குத்தான். என்றாவது சிறப்பு நிகழ்ச்சிக்காகத் திறப்பார்களா என்பதைப் போவதற்கு முன் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். இது தெரியாமல் போகிறவர்கள் பூட்டிய கதவைப் பார்த்ததுமே மனம் சோர்ந்து, தோட்டத்தையும் அரைமணி நேரத்தில் சுற்றிவிட்டு, அவ்வளவுதானா என்று வெளியே வந்துவிடுகிறார்கள். எனக்கு அதுதான் வருத்தம். இந்த இடத்தைப் பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. தண்ணீர் எங்கே வந்து சேர்கிறதோ அங்கே தொடங்கி, அது எங்கிருந்து வருகிறதோ அதுவரை ஏற வேண்டும். அப்படி ஏறினால் உடைந்திருப்பது எது, ஏன் உடைந்தது, முன்பு என்னவாக இருந்தது என்பதெல்லாம் தானாகவே விளங்கும்.

போகும் வழி எளிது. புளோரன்ஸின் சாந்தா மரியா நொவெல்லா நிலையத்திலிருந்து லூக்கா, வியாரெஜ்ஜோ பக்கம் போகும் வட்டார ரயிலில் ஏறி, பெஷ்ஷா நிலையத்தில் இறங்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். லூக்காவில் தங்கியிருந்தால் அதில் பாதிகூட ஆகாது, அதனால் லூக்காவில் இரண்டு இரவு தங்கி அங்கிருந்து போய்வருவதுதான் நல்லது என்பேன். காகித டிக்கெட் வாங்கினால் ஏறுவதற்கு முன் நடைமேடையில் இருக்கும் சின்ன இயந்திரத்தில் செருகி முத்திரை குத்திக்கொள்ளுங்கள், குத்தாவிட்டால் பரிசோதகர் அபராதம் போடுவார், தெரியாது என்று சொன்னாலும் விடமாட்டார். பெஷ்ஷாவிலிருந்து கொல்லோடி சில கிலோமீட்டர்தான், அவுத்தோலினே தொஸ்கானே நிறுவனத்தின் பேருந்து போகிறது. ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை நாளும் பேருந்து குறைவு. போகும் பேருந்தை விடத் திரும்பும் பேருந்தின் நேரத்தைத்தான் முதலில் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். காரில் வருகிறவர்கள் ஏ11 நெடுஞ்சாலையில் கியெசினா உத்ஸானேசே என்ற இடத்தில் வெளியேற வேண்டும்.

எப்போது போவது? ஏப்ரல், மே, செப்டம்பர், அக்டோபர். ஜூலை, ஆகஸ்டில் நடுப்பகல் வெயிலில் அந்தப் படிகளை ஏறுவது கடினம். வசந்த காலத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. ஊரில் மரப்பொம்மைச் சிறுவன் பினோக்கியோவின் கதையை வைத்து அமைத்த பூங்கா இருக்கிறது, அதற்குப் பள்ளிப் பிள்ளைகள் பேருந்து பேருந்தாக வருவார்கள். அதனால் காலையில் கதவு திறக்கும் நேரத்துக்கே போய், முதலில் தோட்டத்தைப் பார்த்துவிடுங்கள், பூங்காவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். குளிர்காலத்தில் திறக்கும் நாட்கள் குறைவு. பிடிப்புள்ள காலணி கட்டாயம், பாசி படிந்த கல்லில் மழைக்குப் பிறகு சறுக்கும். மூட்டுவலி உள்ள பெரியவர்களைக் கூட்டிப் போனால் அவர்கள் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து பார்க்கலாம், மேலே போகப் படிகள்தான். கீழிருந்து பார்க்கும் காட்சியே முழுமையானது, அவர்கள் எதையும் இழந்துவிடமாட்டார்கள்.

தோட்டத்துக்குள் நுழையும் முன் வெளியே நின்று வில்லாவை நன்றாகப் பாருங்கள். அவசரப்பட வேண்டாம். வழக்கமான இத்தாலிய வில்லாவில் வீட்டின் நடுவாசலும் தோட்டத்தின் நடுக்கோடும் ஒரே நேராக இருக்கும், சன்னலைத் திறந்தால் தோட்டம் முழுவதும் காலடியில் கிடக்கும். இங்கே அப்படி இல்லை, வீடு ஒருபுறம், தோட்டம் ஒருபுறம். காரணம், வில்லா நிற்பது பழைய இடைக்காலக் கோட்டை இருந்த இடம். அந்தப் பாறையை விட்டு நகரவும் முடியாது, அதன் முன்னால் இவ்வளவு பெரிய தோட்டம் போட இடமும் கிடையாது, அதனால் பக்கத்துச் சரிவைத் தோட்டத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். வில்லாவுக்குப் பின்னால் பாருங்கள், பழைய கொல்லோடி கிராமம் ஒரு நாடாவைப் போல மலைமேல் ஏறிப்போகும். கிராமத்தின் வாயிலை மறித்துக்கொண்டு நிற்கிறது இந்த வீடு. மேலே ஏழைகளின் கல்வீடுகள், கீழே அவர்கள் முன்னால் பிரம்மாண்டமான முகப்பு. யார் யாருக்குக் கட்டுப்பட்டிருந்தார்கள் என்பது பார்த்த உடனே தெரிந்துவிடும்.

கார்சோனி குடும்பம் முதலில் பெஷ்ஷாவைச் சேர்ந்தது. புளோரன்சும் லூக்காவும் தீராப் பகையில் இருந்த காலத்தில் அவர்கள் லூக்கா பக்கம் சேர்ந்தார்கள். பெஷ்ஷா புளோரன்ஸ் வசம் போனது, கொல்லோடி லூக்கா குடியரசிலேயே தங்கியது. ஆக இந்த மாளிகை ஒரு நாட்டின் எல்லையோரத்தில் எதிராளியின் கண்ணெதிரே கட்டப்பட்டது. மேலே அருவிப் படிக்கட்டின் இரு பக்கமும் சாய்ந்து கிடக்கும் இரண்டு பெண் சிலைகளைப் பார்ப்பீர்கள், ஒன்று லூக்கா, மற்றது புளோரன்ஸ். 1847-இல் லூக்கா டஸ்கனியோடு இணையும்வரை அந்த எல்லை உயிரோடு இருந்தது.

வீடு ஏன் இப்படி ஆனது என்பதையும் தெரிந்துகொண்டு உள்ளே போனால் நல்லது. டஸ்கனியின் வில்லாக்கள் பலவும் குத்தகை நிலத்தில் பிழைத்தவை. உழவன் விளைவிப்பதில் பாதி நிலக்காரருக்கு, பாதி அவனுக்கு என்ற மெத்ஸாத்ரியா முறை இப்படிப்பட்ட வீடுகளுக்கு வருமானம் கொடுத்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு உழவர்கள் தொழிற்சாலை வேலைக்குப் போனார்கள், 1964-இல் புதிதாக அப்படி ஒப்பந்தம் போடக் கூடாது என்று சட்டம் வந்தது. வருமானம் நின்றது, கூரை ஒழுகத் தொடங்கியது. இவ்வளவு பெரிய வீட்டில் ஒரு ஓடு நகர்ந்தால் போதும், மழைநீர் உத்தரத்தில் இறங்கி, உத்தரம் உளுத்து, மேல்தளம் கீழே வரும்வரை நிற்காது. இதை அறிந்து அந்த முகப்பைப் பார்த்தால், காரை பெயர்ந்த இடம் எல்லாம் மேலே இருந்து கீழே கோடு கோடாக இறங்குவது கண்ணில் படும். தண்ணீர் போன வழி அது. இங்கே கட்டியதும் தண்ணீருக்காக, அழித்ததும் தண்ணீர்தான்.

சரி, உள்ளே போவோம்.

நுழைந்ததும் அகன்ற அரைவட்ட வெளி, நடுவில் இரண்டு வட்டக் குளங்கள், அவற்றிலிருந்து உயரமாக எழும் நீர்ப்பீச்சு. உடனே படிக்கட்டை நோக்கி நடக்காதீர்கள். இரண்டு குளத்துக்கும் நடுவில் நின்று நிமிர்ந்து பாருங்கள், தோட்டம் முழுவதும் ஒரு நாடக மேடையின் திரைச்சீலையைப் போல எதிரே தூக்கி நிறுத்தப்பட்டிருக்கும். புகைப்படம் எடுப்பதாக இருந்தால் இதுதான் இடம், வேறெங்கும் இவ்வளவு கிடைக்காது. பிறகு தரையைப் பாருங்கள். பாக்ஸ் என்ற குட்டை இலைச்செடியை வெட்டி வளைத்துக் கோலம் போட்டிருக்கிறார்கள், இடைவெளியில் நிறக் கூழாங்கற்கள், பூக்கள். சரிவான பாத்தியில் கார்சோனி குடும்பத்தின் இலச்சினையும் அப்படியே செடியால் வரையப்பட்டிருக்கும். சரிவாக வைத்ததற்குக் காரணம் உண்டு, தட்டையாக இருந்தால் கீழே நிற்பவர்களுக்கு உருவம் தெரியாது.

பாக்ஸ் செடியின் அருகே போய் இலையைப் பாருங்கள், தொட வேண்டாம். 2007 வாக்கில் கிழக்கு ஆசியாவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்த ஒரு அந்துப்பூச்சியின் புழு இந்தச் செடியை மட்டுமே குறிவைத்துத் தின்கிறது, இத்தாலியின் பழைய தோட்டங்கள் பலவற்றில் நூற்றாண்டு வேலிகளை அது மொட்டையாக்கிவிட்டது. எந்தப் பழைய தோட்டத்துக்குப் போனாலும் செடியில் பழுப்புத் திட்டும், வலை பின்னிய மாதிரி நூலும் இருக்கிறதா என்று பார்ப்பது என் வழக்கம். அதைப் பார்த்தாலே தோட்டக்காரர்களுக்கு எவ்வளவு கைவேலை தேவைப்படுகிறது என்பது புரிந்துவிடும்.

இனி படிக்கட்டு. இரண்டு பக்கமும் பிரிந்து, மறுபடி சேர்ந்து, மறுபடி பிரிந்து மேலே போகும் பெரிய அடுக்குப் படிகள், கைப்பிடிச் சுவர், மாடங்கள். இங்கேதான் எல்லோரும் நேராக உச்சிக்கு ஏறி மூச்சு வாங்குகிறார்கள். ஒவ்வொரு தளத்திலும் நின்று இடமும் வலமும் நடந்துபோங்கள், ஏனென்றால் தோட்டத்தின் பாதி அந்தப் பக்கவாட்டுப் பாதைகளில்தான் இருக்கிறது. படிக்கட்டின் அடியில் ரோமானியக் கடல் தெய்வமான நெப்டியூனின் செயற்கைக் குகை இருக்கிறது, உள்ளே கூழாங்கல்லும் கடற்பாசி மாதிரி ஓட்டை ஓட்டையான சுண்ணக்கல்லும் ஒட்டிய சுவர், வெயிலில் இருந்து உள்ளே போனதும் குளிர்ச்சி. ஒரு தளத்தில் பனைவகை மரங்களின் நிழற்சாலை, இன்னொன்றில் ரோமப் பேரரசர்களின் உருவங்கள் வரிசையாக நிற்கும் பாதை. பக்கவாட்டில் செடிகளையே திரையாகவும் ஒப்பனையறைச் சுவராகவும் வெட்டி அமைத்த பசுமை அரங்கு. அங்கே நாடகம் போட்டிருக்கிறார்கள், பார்த்தவர்கள் புல்தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். தோட்டம் 1652-லேயே இவ்வளவு புகழோடு இருந்தது என்பதற்குச் சான்று உண்டு, அந்த ஆண்டு பிரான்செஸ்கோ ஸ்பார்ரா என்ற கவிஞர் இதைப் புகழ்ந்து பாட்டு எழுதியிருக்கிறார்.

சிலைகளில் பலவும் சலவைக்கல் அல்ல, சுடுமண். தூரத்தில் இருந்து பார்த்தால் தெரியாது, வெள்ளைப்பூச்சு கொடுத்து மறைத்திருப்பார்கள். கைப்பிடிச் சுவரின் மேல் உட்கார்ந்திருக்கும் குரங்குச் சிலைகளை விட்டுவிடாதீர்கள், பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். பூச்சு உரிந்த இடத்தில் செம்மண் நிறம் வெளியே தெரியும், அந்த இடங்களை நின்று கவனியுங்கள். சுடுமண்ணின் நுண்துளைகளில் மழைநீர் இறங்குகிறது, குளிர்காலத்தில் உறைந்து விரிகிறது, செதில் செதிலாகப் பெயர்கிறது. விரல், மூக்கு, காது முதலில் போகும். சில இடத்தில் பழைய சுண்ணாம்புக் காரைக்கு மேலே சிமெண்ட் பூசி ஒட்டுப்போட்டிருப்பதைப் பழைய தோட்டங்களில் பார்க்கலாம். நல்ல எண்ணத்தில் செய்ததுதான், ஆனால் சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் விடாது, உள்ளே தங்கிய ஈரம் பழைய காரையையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். சாம்பல் நிற ஒட்டும் அதைச் சுற்றி விரிசலும் எங்கே இருந்தாலும் காரணம் இதுதான். தயவுசெய்து எதன்மேலும் சாயாதீர்கள், குழந்தையைச் சிலைமேல் உட்காரவைத்துப் படம் எடுக்காதீர்கள். 300 ஆண்டு தாங்கியதுதானே என்று நினைக்க வேண்டாம், கடைசி ஒரு அழுத்தத்துக்காகத்தான் அது காத்திருக்கிறது.

படிக்கட்டின் உச்சியில் நடுவில் அருவி தொடங்குகிறது. மேலே இருந்து கல்லுக்குக் கல் தாவி இறங்கும் நீர்ப்படிக்கட்டு, அதன் உச்சியில் புகழின் உருவமாக நிற்கும் பெண், அவள் ஊதும் ஊதுகொம்பிலிருந்து நீர் வளைந்து கீழே இருக்கும் குளத்தில் விழும். இந்த நீரமைப்பை 18-ஆம் நூற்றாண்டில் திருத்தி அமைத்தவர் ஒத்தாவியானோ தியோதாதி. லூக்காவின் பிரபு, கட்டடமும் தெரிந்தவர், பிரான்சின் மாபெரும் கலைக்களஞ்சியத்தை லூக்காவில் மறுபதிப்பாக வெளியிட்டவரும் இவரே. அறிவை அப்படித் தொகுத்த மனிதர் இந்த மலைச்சரிவில் தண்ணீரைத் தொகுத்திருக்கிறார் என்பது எனக்கு இந்தத் தோட்டத்தில் மிகவும் பிடித்த செய்தி.

எந்த மோட்டாரும் இல்லாமல் இது எப்படி ஓடியது என்பதை அங்கே நின்று யோசித்துப் பாருங்கள். நம் வீட்டு மொட்டைமாடித் தொட்டியின் கணக்குத்தான். மேலே நீரைத் தேக்கிவைத்தால் ஒவ்வொரு பத்து மீட்டர் இறக்கத்துக்கும் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடும், அந்த அழுத்தம்தான் கீழே வட்டக்குளத்தில் நீரை வானத்துக்குத் தூக்குகிறது. தேக்கம் இருக்கும் மட்டத்தைத் தாண்டிப் பீச்சு எழாது, குழாயில் உராய்வு கழிந்து எப்போதும் அதற்குக் கீழேதான் நிற்கும். அதனால்தான் உயரமான பீச்சு எல்லாம் அடித்தளத்தில், மெல்லிய கசிவும் வழிவும் மேல்தளத்தில். ஒரே தண்ணீர் மேலே அருவியாகவும், நடுவில் குகைச் சுவரில் சொட்டாகவும், கீழே பீச்சாகவும் திரும்பத் திரும்ப வேலை செய்கிறது. குழாயில் சுண்ணாம்பு படிந்து துளை சுருங்கினால், இலை அடைத்தால், ஒரு மூட்டு விட்டால், அதற்குக் கீழே உள்ள எல்லாமே மௌனமாகிவிடும். நீங்கள் போகும் நாளில் அருவி வறண்டிருக்கலாம், மனம் உடைய வேண்டாம். வறண்ட நாளில்தான் கல்வாய்க்கால், குழாய் வாய், வழிந்த கறை எல்லாம் தெளிவாகத் தெரியும், தண்ணீர் ஓடும்போது இவை கண்ணில் படாது.

உச்சிக்குப் பின்னால் மரங்களுக்கு நடுவே ஒரு சிறிய குளியல் மாளிகை இருக்கிறது. பலர் அதுவரை போவதே இல்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் குளியலறை, அதோடு இசைக்கலைஞர்கள் உட்கார ஓர் இடம், அவர்கள் குளிப்பவர்களைப் பார்க்க முடியாதபடி மறைப்பு. தண்ணீரின் பயணத்தில் மேல்முனை கிட்டத்தட்ட இங்கேதான், அதனால் இதைப் பார்க்காமல் இறங்கினால் கதையின் முதல் பக்கத்தை விட்டுவிட்டதாக ஆகும்.

இறங்கும்போது வந்த வழியே வராதீர்கள். வில்லா இருக்கும் பக்கமாக மூங்கில் காட்டின் வழியே இறங்குங்கள். அங்கே செடிவேலியால் ஆன புதிர்ப்பாதையும், அதன் மேலே வில்லாவை நோக்கிப் போகும் பாலமும் இருக்கும். வீட்டில் இருந்தவர்கள் தோட்டத்துக்கு வந்த வழி இது. விருந்தாளி கீழ்வாசலில் நின்று வாய் பிளந்து பார்க்க, வீட்டுக்காரர் பக்கவாட்டில் நேராக மேல்தளத்துக்கே வந்துவிடுவார். பாலத்தின் பக்கம் நின்றால் வில்லாவின் சுவர் மிக அருகில் தெரியும், முன்பக்கத்தில் பார்க்க முடியாத விரிசலும் அடைபட்ட சன்னலும் இங்கே தெரியும். வேலியைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்க்க முயல வேண்டாம், அது சட்டப்படியும் தவறு, மேலே இருந்து எது எப்போது விழும் என்பதும் தெரியாது.

பிள்ளைகளோடு போனால் பூங்காவும் தோட்டமும் சேர்ந்த டிக்கெட் எடுங்கள், அதில் தோட்டத்தின் அருகே இருக்கும் வண்ணத்துப்பூச்சி வீடும் அடங்கும். பினோக்கியோவை எழுதிய கார்லோ லோரென்சீனி தன் புனைபெயராக இந்த ஊரின் பெயரையே வைத்துக்கொண்டார். அவருடைய தாய் ஆஞ்ஜியோலினா ஓர்சாலியின் தந்தை இந்த கார்சோனி பண்ணையின் மேலாளர், அதனால் சிறுவயதில் லோரென்சீனி இங்கே தங்கி வளர்ந்தார். 1956-இல் திறந்த பூங்கா, சவாரி எந்திரங்கள் நிறைந்த இடம் அல்ல, எமிலியோ கிரேக்கோவின் வெண்கலச் சிற்பமும் வெந்தூரினோ வெந்தூரியின் மொசைக் முற்றமும் பெரியவர்களுக்கே நல்ல காட்சி. மிகச் சின்னப் பிள்ளைகள் கொஞ்ச நேரத்தில் சலித்துவிடுவார்கள்.

சாப்பாடு: சைவம் சாப்பிடுகிறவர்கள் இந்தப் பக்கத்தில் கஷ்டப்பட வேண்டியதில்லை. பெஷ்ஷாவுக்கு மேலே மலையில் விளையும் சொரானா பீன்ஸ் தோல் மெல்லியது, வேகவைத்து ஆலிவ் எண்ணெய் விட்டுக் கொடுப்பார்கள். சூப்பில் போட்டுத் தந்தால் இறைச்சி சேர்த்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கஷ்கொட்டை மாவில் சுடும் நெச்சி என்ற மெல்லிய அடையை ரிக்கொத்தா பாலாடைக்கட்டி வைத்துச் சுருட்டித் தருவார்கள். லூக்காவில் கடலைமாவு, தண்ணீர், எண்ணெய், உப்பு சேர்த்து அடுப்பில் சுடும் செச்சீனா கிடைக்கும், சூடாக இருக்கும்போதே மிளகு தூவிச் சாப்பிட வேண்டும். தோட்டத்துக்குள் தண்ணீர் பாட்டில் கையில் இருக்கட்டும்.

இன்னொரு நாள் கையில் இருந்தால், கார் இருந்தால், லூக்காவைச் சுற்றியுள்ள மற்ற வில்லாக்களில் ஒன்றையாவது சேர்த்துப் பாருங்கள். மார்லியாவில் இருக்கும் வில்லா ரெயாலேயை 1806-இல் நெப்போலியனின் தங்கை எலீசா வாங்கினார், பகனீனி வயலின் வாசித்த இடம், அங்கேயும் பசுமை அரங்கு உண்டு, அண்மைக் காலத்தில் பெரிய அளவில் சீரமைத்திருக்கிறார்கள். கமிக்லியானோவின் வில்லா தொர்ரிஜானிக்குப் போகும் சைப்ரஸ் மரச் சாலையும், விருந்தாளியை நனைக்கும் விளையாட்டு நீரூற்றுகளும் வேறு வகை. கொல்லோடியை முதலில் பார்த்துவிட்டு மார்லியாவுக்குப் போவதே என் பரிந்துரை. முதல் இடத்தில் சுண்ணாம்பு, சுடுமண், குழாய், மதகு எல்லாம் வெளியே தெரிகிறது. அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, இரண்டாவது இடத்தில் புதுப்பூச்சுக்கு அடியில் என்ன இருக்கிறது, எதை மாற்றினார்கள், எதை அப்படியே விட்டார்கள் என்பதைக் கண்டுபிடிப்பது எளிது. இரண்டையும் ஒரே நாளில் அடைக்க வேண்டாம். கொல்லோடிக்கு மட்டும் குறைந்தது மூன்று மணி நேரம், அதில் தோட்டத்துக்கே இரண்டு. மேலே பழைய கிராமத்துக்கும் ஏறிப் பார்ப்பதாக இருந்தால் இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்துக்கொண்டு, கடைசிப் பேருந்துக்கு முந்திய பேருந்தில் கிளம்புவதாகத் திட்டம் போடுங்கள்.